ஒட்டக நாட்டின் பால் மிட்டாய்: மூன்று பொருளில் வீட்டிலேயே செய்யலாம்

சோமாலியாவில் நோன்புப் பெருநாள் காலை நம்மூர் ஹரி ராயா காலையைப் போலத்தான். புத்தாடை அணிந்த பிள்ளைகள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கூட்டமாகப் போவார்கள். வாழ்த்துச் சொன்னால் கையில் கொஞ்சம் காசு, கூடவே இனிப்பு. தட்டில் பிஸ்கட் இருக்கும், பளபளக்கும் ஹல்வா இருக்கும், ஓர் ஓரத்தில் வெண்மையும் இளமஞ்சளும் கலந்த சிறு சிறு சதுரத் துண்டுகளும் இருக்கும். பார்த்தவுடன் நம்மவர்கள் 'பால்கோவா' என்றுதான் சொல்வார்கள். நான் செய்து கொடுத்த துண்டை வாயில் போட்டுக்கொண்டு என் அம்மாவும் அதையேதான் சொன்னார். இரண்டாவது துண்டை மெல்லும்போதுதான், "இல்ல, இது வேற" என்றார்.

வேறுதான். பால்கோவாவில் பால்தான் கெட்டியாகிறது. இந்த மிட்டாயில் கெட்டியாவது சர்க்கரைப் பாகு. பால் அதற்குள் போய் உட்காருகிறது. வாயில் போட்டதும் முதலில் உறுதியாக இருந்து, பிறகு மணல்போல நொறுங்கி, கடைசியில் பாலாகக் கரையும். இந்த மூன்று நிலையும் வர வேண்டுமென்றால் பாகின் பதம் சரியாக இருக்க வேண்டும். பால், சர்க்கரை, ஏலக்காய் ஆகிய மூன்றும் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். நெய்யும் உப்பும் துணைக்கு வருபவை. கைப்பழக்கம் வேண்டியிருப்பது பாகுக்கு மட்டும்தான்.

சோமாலி மொழியில் இதற்கு 'நஅநஅ ஆனோ' என்று பெயர். எழுத்தில் பார்த்தால் குழப்பமாக இருக்கும். 1972-ஆம் ஆண்டு சோமாலி மொழிக்கு ரோமன் எழுத்து அதிகாரபூர்வமாக்கப்பட்டபோது, தொண்டைக்குள்ளிருந்து வரும் ஓர் ஒலிக்கு ஆங்கிலத்தின் 'சி' எழுத்தை ஒதுக்கிவிட்டார்கள். அதனால் இணையத்தில் இந்தப் பெயரைப் பார்ப்பவர்கள் 'நக்நக் கானோ' என்று படித்துவிடுகிறார்கள். 'ஆனோ' என்றால் பால். 'நஅநஅ' என்றால் மிட்டாய். அரபியில் புதினாவுக்கும் ஏறக்குறைய இதே பெயர்தான். எந்த மிட்டாயைப் பார்த்தாலும் 'பெப்பர்மின்ட்' என்று சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளிலும் உண்டு என்பதால், புதினா எப்படி மிட்டாயானது என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பெயரைக் கேட்க நாம் ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதும் இல்லை. பத்துமலைக்குப் பக்கத்தில், கோம்பாக்கில் இருக்கும் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் சோமாலி மாணவர்கள் படிக்கிறார்கள். அகதிகளாக வந்து ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தில் பதிந்துகொண்ட சோமாலிக் குடும்பங்களும் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்கின்றன. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. அதனால் அவர்களுக்குச் சட்டப்படி வேலை செய்யும் உரிமை இல்லை. பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமும் இல்லை. ஒரே அடுக்குமாடியில் குடியிருந்தும் அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது குறைவு. அவர்கள் வீட்டுத் தட்டில் இருப்பது என்ன என்பதாவது தெரியட்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

ஒட்டகப் பால் இருக்க, டப்பா பால் ஏன்?

உலகில் ஒட்டகங்கள் மிக அதிகமாக உள்ள நாடுகளில் சோமாலியாவும் ஒன்று. மேய்ச்சல் குடும்பங்களுக்கு ஒட்டகப் பால்தான் உணவு. பயணத்தில் பல நாள் பாலை மட்டுமே குடித்து வாழ்ந்தவர்கள் அவர்கள். நார்களால் நெருக்கிப் பின்னிய 'ஹான்' என்னும் குடுவையின் உட்புறத்தில் புகை பிடித்து, அதில் பாலை ஊற்றி வைப்பார்கள். புகை ஏறிய பால் சீக்கிரம் கெடாது, அதற்கென்று ஒரு மணமும் வரும். அப்படிப்பட்ட நாட்டின் பால் மிட்டாய் ஒட்டகப் பாலில்தானே இருக்க வேண்டும்? ஆனால் பெரும்பாலான வீடுகளில் இது டப்பாவில் வரும் பால் மாவில்தான் செய்யப்படுகிறது.

காரணத்தை அந்த நாட்டின் பருவங்களில் பார்க்கலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை பெய்யும் 'கு' மழையில் புல் முளைத்து, கால்நடைகள் ஈன்று, பால் பெருகும். ஜனவரி முதல் மார்ச் வரை நீளும் 'ஜிலால்' வறட்சியில் பால் வற்றிப்போகும். கிடைக்கும் கொஞ்சமும் பிள்ளைகளின் வயிற்றுக்குத்தான். அதைச் சட்டியில் ஊற்றி மணிக்கணக்காகச் சுண்டவைத்து மிட்டாய் செய்ய எந்தத் தாய்க்கும் மனம் வராது. தவிர, மேய்ச்சல் காட்டில் சர்க்கரை அரிய பொருள். ஆக, இந்த மிட்டாய் காட்டில் பிறந்திருக்க வழியில்லை. சர்க்கரையும் டப்பா பாலும் கப்பலில் வந்து இறங்கும் துறைமுக ஊர்களின் பண்டம் இது.

டப்பாவில் வந்த பொருளில் செய்வதைப் பாரம்பரியம் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கலாம். தோட்டத்தில் நம் பாட்டிமார் டின் பாலை ஊற்றித்தான் பாயசம் வைத்தார்கள். அதை யாரும் பாயசம் இல்லை என்று சொன்னதில்லை.

1991-இல் சோமாலிய அரசு வீழ்ந்து உள்நாட்டுப் போர் பரவியபோது மக்கள் நைரோபி, லண்டன், டொரோண்டோ, மினியாபோலிஸ் என்று சிதறிப்போனார்கள். ஒட்டகத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. பால் மாவு எந்த ஊரிலும் கிடைக்கும். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், அடுப்பு ஒன்று போதும், அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். புலம்பெயர்ந்த வீடுகளில் இந்த மிட்டாய் விட்டுப்போகாமல் இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

ஏலமும் சர்க்கரையும் போன வழி

தமிழ் படித்தவள் என்பதால் இந்த இடத்தைக் கடந்துபோக எனக்கு மனமில்லை. சோமாலியர் ஏலக்காயை 'ஹைல்' என்கிறார்கள். அரபியிலும் அப்படித்தான். தமிழில் 'ஏலம்', சமஸ்கிருதத்தில் 'ஏலா'. ஏலச்செடியின் தாய்நிலம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை. அங்கிருந்து கடல் தாண்டிய காய் தன் பெயரையும் கூடவே எடுத்துச் சென்றிருக்கிறது. சர்க்கரைக்கு அவர்கள் சொல்லும் சொல் 'சொன்கொர்'. அரபியின் 'சுக்கர்', பாரசீகத்தின் 'ஷக்கர்', நம் 'சர்க்கரை' எல்லாம் ஒரே குடும்பம்.

இதற்குப் பழைய சாட்சி உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் ஒரு மாலுமியோ வணிகரோ எழுதிவைத்த 'எரித்ரேயக் கடல் பயண நூல்', முசிறித் துறைமுகத்தைப் பற்றிச் சொல்வதால் தமிழ் வரலாறு படித்தவர்களுக்குப் பழக்கமானது. அதே நூல், இன்றைய சோமாலியக் கரையிலிருந்த சந்தைகளுக்கு இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து போன சரக்குகளையும் பட்டியலிடுகிறது. கோதுமை, அரிசி, நெய், நல்லெண்ணெய், பருத்தித் துணி ஆகியவற்றோடு கரும்பிலிருந்து எடுத்த 'நாணல் தேன்' என்ற பெயரில் சர்க்கரையும் அதில் இருக்கிறது. அந்தச் சரக்கு போனது குஜராத் பக்கத்துத் துறைமுகங்களிலிருந்து. நம் துறைமுகங்களிலிருந்து என்று சொந்தம் கொண்டாட முடியாது. ஆனாலும் நெய்யும் சர்க்கரையும் அந்தக் கரைக்கு ஒரே கப்பலில் போய் இரண்டாயிரம் ஆண்டு ஆகப்போகிறது என்பது சின்ன செய்தியல்ல.

சர்க்கரை அந்த மண்ணிலேயே பெரிய அளவில் விளைந்த கதை தோட்டக் கதை. இத்தாலி ஆட்சியில், 1920-இல், லூயிஜி அமெடியோ என்ற இத்தாலிய இளவரசர் ஷபெல்லே ஆற்றங்கரையில் இன்றைய ஜொவ்ஹர் பகுதியில் தோட்டக் குடியேற்றத்தைத் தொடங்கினார். கரும்பும் ஆலையும் அங்கே வந்தன. அந்தக் காலனித் தோட்டங்களுக்கு ஆள் போதாதபோது, ஆற்றங்கரைக் கிராமத்து உழவர்களை வலுக்கட்டாயமாக வேலைக்கு இழுத்தார்கள். ரப்பர் தோட்டத்துக்கு ஆள் பிடித்த கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

இனி அடுப்படிக்குப் போவோம்.

தேவையானவை

சர்க்கரை 400 கிராம், அதாவது இரண்டு கப். தண்ணீர் 200 மில்லிலிட்டர். முழுக்கொழுப்புப் பால் மாவு 300 கிராம். நெய் இரண்டு மேசைக்கரண்டி. ஏலக்காய் எட்டு. உப்பு ஒரு சிட்டிகை. இந்த அளவுக்கு 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் ஏறக்குறைய 60 துண்டுகள் வரும். முட்டையோ ஜெலட்டினோ கிடையாது என்பதால் சைவம் சாப்பிடுபவர்களும் தயங்க வேண்டியதில்லை.

பால் மாவு வாங்கும்போது கவனம் தேவை. பொட்டலத்தில் 'சூசு தெப்போங் பெனு கிரிம்' என்று இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கான வளர்ச்சிப் பால் மாவில் வேறு மாவுச்சத்துகளும் சில சமயம் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். அதைப் போட்டால் மிட்டாய் பிசுபிசுக்கும். மாவுக்குப் பதிலாக டின் பால் ஊற்றிக் கிளறுபவர்களும் உண்டு. அவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். நம் கடைகளில் டின் பால் என்று நாம் எடுக்கும் பல டப்பாக்களின்மேல் 'கிரீமர்' என்றுதான் அச்சிட்டிருக்கிறது. அதில் பால் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் இருக்கும். தேநீருக்கு அது போதும், மிட்டாயில் பால் மணம் வராது.

ஏலக்காயைப் பச்சையாகவே வாங்கி, தோலை நீக்கி, விதையைக் கொஞ்சம் சர்க்கரையோடு இடித்துக்கொள்வது நல்லது. 'பூவா பெலாகா' என்று பொட்டலத்தில் விற்பது அதேதான். தூளாக விற்பதில் மணம் பாதிதான் மிஞ்சியிருக்கும்.

செய்முறை

அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிடுங்கள். பாகு பதத்துக்கு வந்த பிறகு தட்டைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. தட்டில் நெய் தடவி வையுங்கள். பால் மாவைச் சலித்து, கட்டியில்லாமல் ஒரு பாத்திரத்தில் எடுத்து வையுங்கள்.

அடி கனமான, உயரமான சட்டியில் சர்க்கரையையும் தண்ணீரையும் போட்டு மிதமான தீயில் வையுங்கள். சர்க்கரை முழுதும் கரையும் வரைதான் கிளறலாம். கொதி வந்த பிறகு கரண்டியை எடுத்துவிட வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. கொதிக்கும் பாகில் சர்க்கரை தண்ணீரில் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் கரைந்திருக்கிறது. எங்காவது ஒட்டிக்கொண்டு மறுபடியும் படிகமாகிவிடத் துடித்துக்கொண்டிருக்கிறது. கிளறினாலோ, சட்டியின் ஓரத்தில் காய்ந்திருக்கும் ஒரு சர்க்கரை மணி உள்ளே விழுந்தாலோ, அதைப் பிடித்துக்கொண்டு பெரிய பெரிய படிகங்கள் வளரும். மிட்டாய் நறநறவென்று ஆகிவிடும். ஓரத்தில் படிவதை ஈரத் துணி சுற்றிய கரண்டியால் துடைத்துவிட்டால் போதும். வேறு இனிப்புகளின் பாகில் எலுமிச்சைச் சாறு விடுவது வழக்கம். இங்கே பின்னால் பால் சேர்வதால் வேண்டாம், திரிந்துவிடும்.

பதம் பார்ப்பது நம் பெண்களுக்குப் புதிதல்ல. அதிரசத்துக்குப் பாகு வைப்பவர்கள் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்களே, அதே முறைதான். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் சேர்த்தால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். எடுத்து வைத்தால் மெல்லத் தட்டையாக வேண்டும். வெப்பமானி இருந்தால் 114 அல்லது 115 டிகிரி செல்சியஸ். ஒரு கம்பிப் பதத்தில் இறக்கினால் கரண்டியால் அள்ளித் தின்னத்தான் முடியும், துண்டு போட முடியாது. உருண்டை கெட்டியாகி 'டங்' என்று கிண்ணத்தில் ஒலிக்கும் வரை விட்டால் பல்லுக்குத்தான் ஆபத்து. மழை நாளில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், நம் ஊரில் ஒரு டிகிரி கூடுதலாகவே விடலாம்.

இந்த நேரத்தில் பிள்ளைகள் அடுப்புப் பக்கம் இருக்கக்கூடாது. பாகு கொதிநீரைவிடச் சூடானது, தோலில் பட்டால் வழிந்து போகாமல் ஒட்டிக்கொள்ளும். பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, சோயா சாஸ், வெண்ணெய் என்று எதையும் தடவ வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ முகத்தில் பட்டிருந்தாலோ கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, நெய்யையும் உப்பையும் ஏலத்தையும் போடுங்கள். கொதி அடங்கியபின் பால் மாவை மூன்று தவணையாகத் தூவிக் கிளறுங்கள். இப்போது எவ்வளவு வேகமாகக் கிளறினாலும் நல்லது. சற்றுமுன் கிளறாதே என்று சொன்னது பெரிய படிகம் வேண்டாம் என்பதற்காக. இப்போது பாலின் கொழுப்பும் புரதமும் குறுக்கே நிற்பதால், கிளறக் கிளறக் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு படிகங்கள்தான் உண்டாகும். அந்த மணல் நயம் வருவது இப்படித்தான். மூன்று நான்கு நிமிடத்தில் கை வலிக்கும். கலவை பளபளப்பை இழந்து, சட்டியின் ஓரத்தை விட்டு விலகி வரும். அந்த நொடியில் தட்டில் கொட்டிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று நின்றால் சட்டியிலேயே இறுகிவிடும். அப்படி இறுகினால் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுச் சிறு தீயில் இளக்கி மறுபடியும் கிளறலாம்.

தட்டில் கொட்டியதை நெய் தடவிய கரண்டியின் முதுகால் சமப்படுத்துங்கள். பத்து நிமிடம் கழித்து, இளஞ்சூட்டில் இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிடுங்கள். ஆறிய பிறகு வெட்டினால் சிதறும். ஒரு மணி நேரத்தில் துண்டுகள் தனித்தனியாக வந்துவிடும்.

பசும்பாலில் செய்பவர்களும் உண்டு

ஒரு லிட்டர் பாலில் 250 கிராம் சர்க்கரையைப் போட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் கிளறிக்கொண்டே சுண்டவைப்பது இன்னொரு வழி. நிறம் வெள்ளையாக இருக்காது, தேன் நிறத்துக்கு வரும். பாலின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பதால் வரும் நிறமும் மணமும் அது. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் மெயிலார்டின் பெயரால்தான் இன்றும் அந்த வினை அழைக்கப்படுகிறது. இலங்கைத் தமிழர் வீட்டு 'மில்க் டொஃபி' சாப்பிட்டவர்களுக்கு இந்தச் சுவை நினைவுக்கு வரும். எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. ஆனால் வேலைக்குப் போய்விட்டு வந்து செய்ய முதல் வழிதான் சரி.

ஹல்வாவும் இதுவும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோமாலியர் 'ஹல்வோ' என்று அழைப்பது சோளமாவும் சர்க்கரையும் நெய்யும் ஏலமும் ஜாதிக்காயும் சேர்த்துக் கிளறுவது. கல்யாண வீட்டுப் பண்டம், பெரும்பாலும் கடையில் வாங்குவது. பால் மிட்டாய்க்கு அந்தப் பெருமை கிடையாது. இது வீட்டில் செய்வது, பிள்ளைகள் கேட்டால் செய்வது, விருந்தாளி வந்தால் 'ஷாஹ்' என்னும் மசாலாத் தேநீரோடு வைப்பது. மண்சட்டியில் தணல் போட்டு 'ஊன்ஸி' புகை காட்டிய அறையில் அந்தத் தட்டு வரும். நம் வீட்டுச் சாம்பிராணிக்குச் சொந்தக்காரப் புகைதான் அது. குங்கிலிய மரங்கள் அந்த நாட்டின் வடக்கு மலைகளில் வளர்கின்றன.

ஒரு துண்டில் சேர்த்த சர்க்கரை மட்டும் ஏறக்குறைய 7 கிராம், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேல். நீரிழிவு உள்ளவர்கள் கணக்கு வைத்துக்கொள்ளட்டும். துண்டுகளை இன்னும் சிறியதாக வெட்டுவதில் தவறில்லை. காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குக்கு அடுக்கு வெண்ணெய்த் தாள் வைத்தால் இரண்டு வாரம் வரை இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம்; வெளியே எடுத்ததும் வியர்த்துப் பிசுபிசுக்கும்.

சட்டியில் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுரண்டி நேரத்தை வீணாக்காதீர்கள். அதிலேயே இரண்டு குவளை தண்ணீர் ஊற்றி, தேயிலையும் ஒரு துண்டுப் பட்டையும் இரண்டு கிராம்பும் போட்டுக் கொதிக்கவிடுங்கள். பாலும் சர்க்கரையும் ஏலமும் ஏற்கெனவே சட்டியில் இருக்கின்றன. வடிகட்டினால் ஷாஹ் தயார்.